தோட்டத்துச் சாளையும் மஞ்சள் வேனும்

கேள்வி: ஜெர்மனியில் குக்கிராமத்தில்கூடக் குழந்தைகளை நிம்மதியாக வளர்க்கிறார்களாம். நாங்க மட்டும் எல்.கே.ஜி.க்காகத் தோட்டத்தை விட்டுக் கோயமுத்தூருக்குக் குடிபோகணுமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க அம்மணி. ஜெர்மானியக் கிராமத்துக்குக் கைகொடுப்பது காற்றும் புல்வெளியும் அல்ல, சட்டம். ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பகல்நேரக் காப்பகத்தில் இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் அங்கே உண்டு. (இடம் கிடைக்காமல் வழக்குப் போட்ட பெற்றோரும் உண்டு, சொர்க்கமெல்லாம் இல்லை.) நமக்கும் அஸ்திவாரம் இருக்கிறது: 1975 முதல் அங்கன்வாடி, 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு. ‘சத்துமாவு சரி, இங்கிலீஷ் எங்கே?’ என்பீர்கள். 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி.யும் வந்தது. அதுவும் போக, மழலையர் பள்ளிக்கு வித்திட்ட ஃபுரோபெல், 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஜெர்மானியச் சிற்றூரில் குழந்தைகள் கையில் கொடுத்தது பந்தும் மரக்கட்டையும்தான். வீட்டுப்பாடம் நம் கண்டுபிடிப்பு!

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கொங்கு நாட்டில் பல வீடுகள் தெருவாக இல்லாமல், தோட்டத்துக்கு ஒரு சாளையாகச் சிதறிக் கிடப்பவை. பிள்ளைக்கு விளையாட்டுத் துணை அப்பாரும் ஆத்தாவும் டிவியும்தான். அதற்கு மருந்து, தூக்கக் கலக்கத்தில் ஏற்றிவிடும் மஞ்சள் வேன் அல்ல. கூப்பிடு தூரத்து அங்கன்வாடி. அது பூட்டிக் கிடந்தால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.