கை கொடுக்கும் பிரேக்

கே: அமெரிக்க செமி டிரக்கில் காலடியில்தான் பிரேக் இருக்கிறதே, டிரெய்லருக்கென்று தனியாக ஒரு கை பிரேக் எதற்கு?

ப: வண்டி நகராததற்கு டிரைவர் சந்தோஷப்பட வேண்டாமா? டிரெய்லரை மாட்டியதும் இந்த லீவரை இழுத்துவிட்டு, டிரக்கை மெல்ல முன்னால் நகர்த்திப் பார்ப்பார்கள். நகரவில்லையென்றால் மாட்டிய இணைப்பும் பிடித்திருக்கிறது, டிரெய்லர் பிரேக்கும் பிடிக்கிறது.

கே: மேட்டில் நின்று கிளம்பும்போது உதவுமா?

ப: பின்னால் நிற்கும் கார்க்காரரைக் கேளுங்கள்! கிளட்சை விடும்வரை டிரக் பின்னோக்கி உருளாமல் பிடித்துக்கொள்வது இதுதான்.

கே: அப்படியானால் அதைப் போட்டுவிட்டு இறங்கிப் போய் காபி குடிக்கலாமே?

ப: தாராளமாக. காபிக்கு நான் உத்தரவாதம், வண்டிக்கு இல்லை. இது காற்றழுத்தத்தில் இயங்குவது. காற்று கசிந்தால் மேட்டில் கை கொடுத்தது பார்க்கிங்கில் கைவிட்டுவிடும். அதற்குத்தான் பார்க்கிங் பிரேக்.

கே: ஓடும்போது வேகத்தைக் குறைக்க?

ப: டிரெய்லர் சறுக்கி டிரக்கையே முந்தப் பார்க்கும். ஓட்டத்தில் இதைத் தொடவே வேண்டாம் என்கிறது அமெரிக்க லைசென்ஸ் கையேடு. காலால் மிதித்தால் எல்லாச் சக்கரமும் சேர்ந்து நிற்கும், அதுவே பாதுகாப்பு.