பேனர் கட்ட வந்த தம்பிக்கு

செயலாளர் தம்பி, ரிங்லெட்டிலிருந்து இத்தனை வளைவு ஏறி வந்திருக்கே, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ. பேனர் ஜோராத்தான் இருக்கு. 'பெண்களை அடிக்காதே' எழுத்து சின்னது, உங்க தலைவர் மூஞ்சி பெருசு. பார்த்த மாத்திரத்தில் அடிக்கிறவன் நடுங்கிடுவான்!

போன தடவையும் ஒரு கூட்டம் வந்தது. பொம்பளைகளை உட்கார வச்சு, அடி வாங்கக் கூடாதும்மான்னு ரெண்டு மணி நேரம் பேசினாங்க. பாவம், அவங்களுக்கு அது தெரியாதில்ல! அடிக்கிறவன் வாசலில் பிரியாணிப் பொட்டலத்துக்கு நின்னான். நாற்காலி தூக்கினதுக்காக அவனுக்கு ஒரு துண்டும் போர்த்தினாங்க.

தோட்டக்காரன் எனக்குத் தெரிஞ்சது தேயிலை. அதுக்கு மூணு வாரத்துக்கொரு தரம் கொழுந்து எடுக்கணும், காலாகாலத்தில் கவாத்து பண்ணணும். ஒரே ஒருநாள் கத்திரியோடு வந்து போட்டோ பிடிச்சிட்டுப் போனா, செடி மரமாயிடும். உங்க கூட்டமும் அப்படித்தான்.

கோலாலம்பூரில் படிக்கிற என் பேத்தி சொன்னாள். உகாண்டாவில், கம்பாலாவில் 'சாசா'ன்னு ஒரு திட்டம். அந்தந்தத் தெரு ஆட்களே, ஆணும் பெண்ணுமா, மூணு வருஷம் போல வீடு வீடா, கடை கடையாப் பேசியிருக்காங்க. பேசாத பகுதிகளோடு ஒப்பிட்டா, புருஷன் கை நீட்டுறது பாதிதான். தென்னாப்பிரிக்கா லிம்போப்போவில் பொம்பளைகளுக்குச் சிறுகடனும் கொடுத்து, ஆண் பெண் நியாயமும் பேசினாங்க. ரெண்டு வருஷத்தில் அடி 55 சதவீதம் குறைஞ்சது. அவங்க எண்ணினது அடியை. நீங்க எண்ணினது பொட்டலத்தை.

எங்க தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் அடி விழுந்தா இங்கே குவளை ஆடும். உடனே என்ன செய்வோம் தெரியுமா? டிவி சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். அதனால பொம்பளைகளை விடு. பாடம் எடுக்க வேண்டியது ஆம்பிளைங்க எங்களுக்கு.

நம்ம நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994லேயே வந்தாச்சு. 2017 திருத்தத்துக்குப் பிறகு கோர்ட் படி ஏறாமலே, சமூகநல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். இதை இந்த மலையில் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கே? தலைவர் மூஞ்சியை அழிச்சிட்டு அந்த இடத்தில் 15999ன்னு எழுது. தாலியான் காசே, அடி வாங்கினவங்க கூப்பிடுற உதவி நம்பர். பேரிலேயே தாலி இருக்கு, யாருக்கும் மறக்காது.

முதல் கூட்டத்தைச் சம்பளம் போட்ட மறுநாள் வை. அன்னிக்கு ஆம்பிளை எல்லாருக்கும் தலைவலி, ஒருத்தனும் எழுந்து ஓட மாட்டான். நாற்காலியை நானே தூக்குறேன். துண்டு மட்டும் வேண்டாம்.