போடு, எடு, கொடு

தமிழில் ‘போடு’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்தையே நடத்திவிடலாம். தலையில் கொங்காணி போடுகிறோம், மலைக்கு உரம் போடுகிறோம், சாயங்காலம் செக்ரோலில் பேர் போடுகிறார்கள். தேர்தல் வந்தால் நாம் ஓட்டுப் போடுகிறோம், வென்றவர்கள் நாமம் போடுகிறார்கள்.

இந்தப் ‘போடு’வை இங்கிலீசுக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான் என் மானம் போனது. எங்கள் லயத்தில் ஏ.எல். வரை படித்தவன் என்ற ஒரே தகுதியில் நான் பெட்டிசம் எழுதுகிறவன் ஆனேன். முதலில் வந்தவர் அடுத்த காம்பரா அக்கா. கிலோ குறைந்தது என்று அவருக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். “இங்கிலீசுல நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதிக் குடு தம்பி” என்றார். நானும் சொல்லுக்குச் சொல், இவருக்கு ‘ஹாஃப் நேம் புட்’ செய்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கடிதத்தைப் படித்த அதிகாரி, “பேருல எந்தப் பாதியம்மா போட்டாங்க?” என்று கேட்டாராம்.

ரோசம் வந்து அகராதியைப் புரட்டினேன். மார்க், என்டர், ரெக்கார்ட், ரெஜிஸ்டர் என்று அண்ணன் தம்பிகளாக நின்றார்கள். கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று ‘ரெஜிஸ்டர்’ போட்டேன். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்துவதானால் பதிவாளரிடம் போகச் சொல்லிவிட்டார்கள். முழுநாள் வேலைக்கு அரைநாள் சம்பளம்தான் கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம். ‘பே’ என்ற சின்ன வினை போதும். அதில் வித்துவம் எதுவும் தெரியவில்லையே என்று அதைத் தொடவே இல்லை.

இந்த நோய் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கியது. அம்மா கொழுந்தெடுக்கிறார், எடுப்பதென்றால் ‘டேக்’. ஆகவே, என் அம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை ‘டேக்ஸ் டீ’ என்று கட்டுரை எழுதினேன். சேர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டி, “நாள் முழுக்க ஒக்காந்து தேத்தண்ணி குடிக்க ஒங்கம்மா என்ன துரைசாணியாடா?” என்றார். கொழுந்துக்கு ‘ப்ளக்’ என்று எழுத வேண்டுமாம். கோழிக்கு இறகு பிடுங்கவும் அதே வினைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கற்ற கல்வி வீண்போகக் கூடாதல்லவா? தோட்டம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி “டீ பிக்கர்ஸ்” என்று சொன்னபோது, அது பிழை, ‘ப்ளக்கர்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தினேன். அவர் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தில். அங்கே இரண்டும் சரி. இன்னும் சொன்னால் ‘பிக்’ என்பதில் தேர்ந்தெடுப்பதும் சேர்ந்திருக்கிறது. முற்றியதை விட்டு இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளுகிறவர்களுக்கு அதுவும் பொருத்தமான வினையே. அவர் சிரித்துக்கொண்டே “தேங்க் யூ” என்றார். இன்னும் கூசுகிறது.

கடன் விஷயத்தில் செய்தது அதைவிட மோசம். தமிழில் கடன் ஒன்றுதான், வாங்கலாம், கொடுக்கலாம். இங்கிலீசில் அதற்கு ‘பொரோ’, ‘லென்ட்’ என்று இரண்டு கதவு. தீபாவளி முற்பணம் கேட்டு எழுதும்போது தவறான கதவைத் தட்டி, இத்தொழிலாளி தோட்டத்துக்குக் கடன் கொடுக்க விரும்புகிறார் என்று எழுதிவிட்டேன். ஆப்பீசே சிரித்ததாம். சம்பளப் பாக்கியோடு நிற்கிறவர்களைக் கேட்டால் அந்த வாக்கியம் அவ்வளவு பிழையில்லை என்பார்கள்.

நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் ஒரு பிள்ளை, “சேர், ‘ரிட்டர்ன்’, ‘ரிபேட்ரியேட்’ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள். “ரெண்டும் ஒண்டுதான், பெரிசா எழுதினா மார்க்ஸ் கூடும்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் இருப்பது இந்த இரண்டாவது சொல். ஏறத்தாழ 9,75,000 நாடற்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அப்படி அனுப்பப்பட வேண்டும் என்றார்கள். எங்கள் பாட்டியோடு பிறந்தவர்களும் கோச்சி ஏறினார்கள். ஹட்டனைத் தாண்டாதவர்கள், பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் ‘திரும்பி’ப் போவார்கள்?

மீதியில் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை ‘கிராண்ட்’ செய்யும், போகிறவர்களுக்கு இந்தியா ‘கன்ஃபர்’ செய்யும் என்றும் அதிலேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒரு முழுப் பாடமாக நடத்தியிருக்கிறேன். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இல்லாமல் போனதைத் தருவதற்கு ‘ரெஸ்டோர்’ என்று ஒரு வினை இருப்பது அந்தப் பாடத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலும் ‘கிராண்ட்’தான். சட்டம் எழுதியவர்கள் என்னைப்போல அகராதியைப் பார்த்துத் தடுமாறியவர்கள் இல்லை.

பெட்டிசம் கேட்டு இன்னும் சிலர் வருகிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்வேன். பிரதேச செயலகத்துக்கோ தொழில் அலுவலகத்துக்கோ எழுதுவதானால் தமிழிலேயே எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. பதிலையும் தமிழிலேயே கேட்டு வாங்குங்கள். தோட்டத்து ஆப்பீசுக்கு இங்கிலீசில்தான் வேண்டுமென்றால், ஹட்டன் டவுனில் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.