இரண்டாகத் தெரிந்தால் இரட்டிப்பு விலையா?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர் தந்த 1969-ஆம் வருட ஒரு சென்ட் காசில், ஆண்டும் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. யூடியூபில் இதற்கு லட்சங்களில் விலை சொல்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு மடித்து வையுங்கள். எழுத்து இரண்டாகத் தெரிவது பெரிய விஷயமில்லை. எப்போது இரண்டானது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பையே தப்பாகச் செய்திருந்தால், குத்துகிற காகிதத்திலெல்லாம் அதே தப்பு அதே இடத்தில் விழும். ஸ்டாம்ப் ஒழுங்காக இருந்து, குத்திய குமாஸ்தாவின் கை ஆடியிருந்தால், அந்தக் காகிதத்தில் மட்டும் இழுவல். முதலாவது டபுள்டு டை; சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வது இதற்குத்தான். இரண்டாவது மெஷின் டபுளிங். ஒரு சென்ட் காசில் அது விழுந்தால், பெரும்பாலும் விலையும் ஒரு சென்ட்தான்.

1955-ல் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை அடித்த ஒரு சென்ட் காசில் நடந்தது முதல் வகை. அன்றைக்குக் காசடிக்கும் ‘டை’ என்ற ஓர் அச்சைத் தயாரிக்க, புடைப்பு உருவம் கொண்ட மூல உருக்கை வெற்று உருக்கில் ஒரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. முதல் அழுத்தத்தில் உருக்கு இறுகிவிடும். காய்ச்சி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். அந்த மறு அழுத்தத்தில் இம்மியளவு திரும்பிவிட்டது. ஒரே அச்சில் இரண்டு ஆண்டு, இரண்டு வாசகம். ராட்டினத்தில் நடுவில் நிற்பவனைவிட விளிம்பில் உட்கார்ந்தவன்தானே அதிக தூரம் போகிறான்? அதனால்தான் அந்தக் காசில் ஓரத்து எழுத்துகள் லென்ஸ் இல்லாமலே இரண்டாகத் தெரிய, நடுவில் இருக்கும் லிங்கன் மட்டும் நிதானமாக ஒருவராகவே இருக்கிறார். இருபதாயிரத்துக்கு மேல் வெளியே போயின என்பது மதிப்பீடு. பல, சிகரெட் பாக்கெட்டோடு போயின: எந்திரத்தில் 25 சென்ட் போட்டால், 23 சென்ட் பாக்கெட்டின் கண்ணாடித் தாளுக்குள் பாக்கி 2 சென்ட் செருகியிருக்கும். சிகரெட் பிடித்து லாபம் பார்த்தவர்கள் அந்தப் பாக்கெட்டை வாங்கியவர்களாகத்தான் இருக்கும்.

கேள்வி: சரி, என் காசு எந்த வகை? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும்?

பதில்: ஒன்று கூட்டல், இன்னொன்று கழித்தல். டபுள்டு டையில் அச்சிலேயே இரண்டு பள்ளம். உலோகம் இரண்டிலும் ஏறும். எழுத்து வழக்கத்தைவிடப் பருத்திருக்கும், இரண்டு உருவங்களும் முழுமையாகப் புடைத்திருக்கும், எழுத்தின் மூலைக்கொம்பு பிளந்து இடையில் சின்ன வெட்டு தெரியும். மெஷின் டபுளிங்கிலோ எழுத்து ஒழுங்காகவே எழும்புகிறது. தளர்ந்த அச்சு விலகும்போது அதன் பக்கத்தைச் சீவிவிடுகிறது. பக்கத்தில் தட்டையாக, பளபளவென்று ஒரு திண்ணை, எழுத்து இளைத்துப்போயிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் திண்ணை தெரிந்தால் கதை முடிந்தது.

உங்கள் 1969-க்கு இன்னொரு சோதனையும் உண்டு. அந்த ஆண்டின் புகழ்பெற்ற டபுள்டு டை, சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது. ஆண்டுக்குக் கீழே ‘எஸ்’ இருக்கும். அப்போது அந்த எஸ்ஸை, அச்சு தயாரான பிறகு தனியாகக் கையால் குத்தினார்கள். ஆகவே அசலில் ஆண்டு இரண்டு, எஸ் ஒன்று. எஸ்ஸும் கூடச் சேர்ந்து அதே பக்கமாக இழுபட்டிருந்தால், அடிக்கும்போது அச்சு ஆடியிருக்கிறது.

கேள்வி: இரண்டுமே நாணயச்சாலை செய்த தப்புதானே? ஒன்றுக்கு மாலை, இன்னொன்றுக்குச் செருப்பா? இது வியாபாரிகள் கட்டிய கதை இல்லையா?

பதில்: விலை என்பதே பத்துப் பேர் ஒப்புக்கொண்ட கதைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதைக்குக் காரணம் இருக்கிறது. அச்சில் ஏறிய தப்பு காசுக்குக் காசு மாறாது. ஒன்றை இன்னொன்றோடு வைத்து ஒப்பிடலாம், இந்த அச்சில் பிறந்தது என்று அடையாளம் சொல்லலாம். ஆட்டத்தில் வந்தது அடிக்கு அடி மாறும், அதுவும் அள்ள அள்ளக் கிடைக்கும். அப்புறம், தேய்ந்த அச்சின் கைங்கரியம் வேறு: 1955-லேயே கடைசி ‘5’ மட்டும் மங்கலாக இரட்டித்த காசுகள் உண்டு. ‘ஏழையின் டபுள்டு டை’ என்று பெயர் வைத்தார்கள். விற்றால் ஏழை ஏழையாகவே இருப்பார்.

கேள்வி: இவ்வளவு தெளிவென்றால், ஏமாறுவதே நடக்காதே?

பதில்: அரசாங்கமே ஏமாந்திருக்கிறது. 1969 என்ற ஆண்டோடு, எஸ் இல்லாமல், எழுத்து இரட்டித்த கள்ளக் காசுகள் அப்போது புழங்கின. அந்தப் பதற்றத்தில் அமெரிக்க ரகசிய சேவைத் துறை, எஸ் உள்ள அசல் காசுகள் சிலவற்றையும் கள்ளக் காசு என்று பறிமுதல் செய்தது. அசல்தான் என்று பிற்பாடுதான் முடிவானது. உங்கள் காசில் எஸ்ஸே இல்லாமல் எழுத்து மட்டும் பளிச்சென்று இரண்டாக இருந்தால், மைத்துனரைக் கொஞ்சம் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள்.