ஆள் பெருகிய பாலம்

கேள்வி: ரயில், தபால்தலை, சிற்றலை வானொலி என ஆளுக்கொரு பித்துடன் இணையத்தில் கூடிப் பேசியவர்கள் முகநூல் வந்தபின் கலைந்துபோனது ஏன்?
- வாசகர், பண்டாரவளை

பதில்: விடை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1924இல் பதுளையை எட்டிய மலைநாட்டு இருப்புப்பாதை, தெமோதரையில் வட்டமடித்து, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து செல்லும் விசித்திரத்தைச் சரிவுக் கணக்கோடு விவரித்து, பிழை கண்டால் பிடிவாதமாக வாதிட்டு, அந்த விவாதத்தையும் தலைப்புவாரியாகச் சேமித்துவைத்த பிரகிருதிகள் முன்பு இருந்தனர். (அவர்களுடைய சண்டையே பாதி ஞானம் என்பது என் அபிப்பிராயம்.) இன்றோ, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தில் முதுகு காட்டி எடுத்த படத்துக்கு விருப்பக்குறிகள் வர்ஷிக்கின்றன. "அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்று காலையில் கேட்டதற்கு வந்த பதில் சாயங்காலத்துக்குள் புதைந்துவிடுவதால், மறுநாள் அதே வினா புனர்ஜன்மம் எடுக்கிறது. புதியதை மேலே தள்ளிப் பழையதை மறைப்பதே முகநூல் திரையின் தர்மம். பித்துக்கோ ஞாபகசக்தி வேண்டும். பாலத்தில் ஆள் பெருகியது. சுரங்கத்தைப் பற்றிக் கேட்பாரில்லை.

தங்களுக்கு அந்தப் பித்து இன்னும் மிச்சமிருக்குமானால், அறிந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கொப்பிக்கு விருப்பக்குறி விழாது. ஆனால் தேடினால் கிடைக்கும்.