யார் சொல் அம்பலம் ஏறும்? – சிஸ்டம்டி கேள்வி பதில்

கேள்வி: எஞ்சின்எக்ஸ் விழுந்தால் தானே எழுந்துகொள்ளும்படி அதன் சர்வீஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அப்டேட் போட்ட மறுநாள் பார்த்தால் அந்த வரியே இல்லை. யார் எடுத்தது?

பதில்: அப்டேட்தான். நீங்கள் கை வைத்தது யுஎஸ்ஆர்/லிப் பக்கம் இருக்கும் ஃபைலில். அது டிஸ்ட்ரோக்காரர்களின் சொத்து. வாடகை வீட்டுச் சுவரில் எவ்வளவு அழகாக ஓவியம் வரைந்தாலும், வெள்ளையடிக்க வருகிறவர் நம்மைக் கேட்டுவிட்டுப் பூசுவதில்லை.

உங்கள் பெயருக்குப் பட்டா உள்ள இடம் ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் ஃபைல் இருந்தால் ஈடிசியில் இருப்பதுதான் செல்லும். அதற்கு அடுத்தது ரன் ஃபோல்டர். அது ரீபூட்டோடு காலி. யுஎஸ்ஆர்/லிப் கடைசி. 2010-ல் லெனார்ட் பெட்டரிங்கும் கை சீவர்ஸும் தொடங்கிய இந்த சிஸ்டம்டியைத் திட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும். மென்பொருளைக் கட்டி அனுப்பியவரைவிட, மெஷினைக் காத்துக்கொண்டிருப்பவரின் சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

கேள்வி: அப்படியானால் முழு ஃபைலையும் ஈடிசிக்கு காப்பி எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நாளை டிஸ்ட்ரோ ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை அந்த ஃபைலில் சேர்த்தால், உங்கள் பழைய காப்பி அதை மறைத்துக்கொண்டு நிற்கும். புத்தகத்தில் பிழை என்றால் முழுப் புத்தகத்தையும் மறுபடி அச்சடிக்காமல் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டுவார்களே, அதுபோல ஒரு சீட்டு போதும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் எஞ்சின்எக்ஸ்’ என்று அடியுங்கள். எடிட்டரில் இரண்டு கமென்ட் வரிகள் தெரியும். அவற்றுக்கு நடுவில்தான் எழுத வேண்டும். இரண்டாவது வரிக்குக் கீழே எழுதுவது சேமிக்கப்படாது. ‘[சர்வீஸ்]’ என்று தலைப்புப் போட்டு, அடியில் ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்’. அவ்வளவுதான். இதை டிராப்-இன் என்பார்கள்.

கேள்வி: டிராப்-இன்னில் எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றினேன். சர்வீஸ் கிளம்பவே மறுக்கிறது. கட்டளையில் எழுத்துப்பிழை இல்லை, நாலு தடவை பார்த்துவிட்டேன்.

பதில்: பிழை எழுத்தில் இல்லை, எழுதாமல் விட்ட ஒரு வரியில் இருக்கிறது. எக்ஸெக்ஸ்டார்ட் ஒரு பட்டியல். நீங்கள் எழுதியது பழையதை நீக்கவில்லை, அதன் பின்னால் போய் நின்றுவிட்டது. ஒன்ஷாட் வகை தவிர மற்ற சர்வீஸ்களுக்கு ஒரே ஒரு எக்ஸெக்ஸ்டார்ட்தான் அனுமதி. இலையில் சாம்பார் சாதம் இருக்கும்போதே ரசத்துக்குச் சோறு போடச் சொன்ன கதை. முதலில் ‘எக்ஸெக்ஸ்டார்ட்=’ என்று வலப்பக்கம் எதுவுமில்லாமல் ஒரு வரி; இலை காலி. அடுத்த வரியில் உங்கள் கட்டளை. ஆனால் இந்த வித்தை ‘ஆஃப்டர்=’ போன்ற சார்புகளிடம் பலிக்காது. அவற்றை டிராப்-இன்னில் கூட்டலாம், கழிக்க முடியாது. கழித்தே ஆக வேண்டுமென்றால் மட்டும் முழு காப்பி.

கேள்வி: ஷட்டவுன் செய்தால் ஒன்றரை நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. சிஸ்டம்.கான்ஃபில் டீஃபால்ட்டை 5 நொடி ஆக்கிவிட்டேன். சரிதானே?

பதில்: தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். அந்த 90 நொடி, டீஃபால்ட்-டைம்அவுட்-ஸ்டாப்-செக் என்னும் பொது விதி. தனக்கென்று வேறு நேரம் சொல்லாத எல்லா சர்வீஸுக்கும் அதுதான் கெடு. கெடு தாண்டினால் அடுத்து வருவது சிக்கில் என்னும் கொல்லும் சிக்னல். மெமரியில் இருப்பதை டிஸ்க்குக்கு எழுதிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டாபேஸை 5 நொடியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது நியாயமா? முரண்டு பிடிப்பது எந்த சர்வீஸ் என்று ஷட்டவுன் திரையிலேயே பெயர் வருகிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் டிராப்-இன்னில் ‘டைம்அவுட்-ஸ்டாப்-செக்’ எழுதுங்கள்.

கேள்வி: என் யூசர் சர்வீஸுக்கு சூடோ போட்டாலும் வேலை செய்யவில்லை. ரூட்டைவிடப் பெரிய ஆள் யார்?

பதில்: அங்கே நீங்கள்தான். ஒவ்வொரு யூசருக்கும் தனி மேனேஜர் ஓடுகிறது. உங்கள் ஹோமில் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டரில் எழுதுவது அதற்கு மட்டும் சட்டம். ‘--யூசர்’ என்று சொல்லிவிட்டு முன்னால் சூடோவும் போட்டால், கட்டளை ரூட்டின் வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடும். சூடோவை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லாக்-அவுட் செய்ததும் அந்த சர்வீஸ் நின்றுவிடுகிறதே?

பதில்: ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’.

கேள்வி: ஈடிசியில் ‘10-’ என்று தொடங்கும் டிராப்-இன் வைத்தேன். யுஎஸ்ஆர்/லிப்பில் உள்ள ‘50-’ அதை மீறுகிறது. ஈடிசி பெரியது என்றீர்களே!

பதில்: நல்ல பிடி. ஒரே பெயருள்ள ஃபைல்கள் மோதும்போதுதான் இடத்தைப் பார்ப்பார்கள். வெவ்வேறு பெயருள்ள டிராப்-இன்கள் எங்கிருந்து வந்தாலும் பெயர் வரிசையில் படிக்கப்படும். ஒரே அமைப்புக்கு இருவரும் வெவ்வேறு மதிப்பு சொன்னால் கடைசியாகப் பேசியவர் சொல் நிற்கும். உங்களுடையதை ‘90-’ என்று மாற்றி, டீமன்-ரீலோட் அடித்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’ போட்டால் எல்லாச் சீட்டுகளும் படிக்கப்படும் வரிசையிலேயே, ஒவ்வொன்றின் தலையிலும் அது இருக்கும் இடத்தோடு, திரையில் வரும். உங்களுடையது அடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.