விசில் அடித்துக் கட்டிய பாலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குவாய் நதியின் மேல் அந்தப் பாலம் இல்லை. குறைந்தபட்சம், படம் வந்தபோது இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் தாமர்கான் என்ற இடத்தில் ஜப்பானியர் போர்க்கைதிகளை வைத்துப் பாலம் போட்டது மே க்ளோங் ஆற்றுக்குக் குறுக்கே. அதைத் தாண்டிய பிறகுதான் ரயில்பாதை குவாய் நொய் என்ற இன்னோர் ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு பர்மா பக்கம் போகிறது. பாதை குவாய் ஓரமாகப் போனால் பாலமும் குவாய் மேல்தானே இருக்கும் என்று பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் தாமே ஒரு கணக்குப் போட்டு, 1952ல் நாவல் எழுதிவிட்டார். 1957ல் டேவிட் லீன் அதை ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்று படமாக்கினார். ஏழு ஆஸ்கர். அப்புறம் உலகத்துச் சுற்றுலாப் பயணிகளெல்லாம் கேமராவும் கையுமாக வந்து இறங்கி, குவாய் பாலம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள தாய்லாந்துக்காரர்கள் என்ன பைத்தியமா? 1960ல் ஆற்றின் அந்தப் பகுதிக்கு குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். சினிமாவுக்காகச் சரித்திரம் வளைந்து கொடுப்பது நமக்குப் பழக்கம்தான். பூகோளம் வளைந்தது அங்கேதான்.

ஆற்றையே தப்பாகப் பிடித்தவர்கள் ராணுவத்தைச் சரியாகக் காட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை.

படத்தில் பிரிட்டிஷ் கைதிகள் முகாமுக்குள் நுழையும் காட்சியை யாராலும் மறக்க முடியாது. கிழிந்த உடை, தேய்ந்த பூட்ஸ், ஆனாலும் இடது வலது பிசகாத அணிவகுப்பு, எல்லார் வாயிலும் ‘கர்னல் போகி’ மெட்டில் விசில். 1914ல் உண்டான அந்த மெட்டுக்குச் சிப்பாய்கள் போட்டிருந்த சொந்த வரிகள் ஹிட்லரின் இடுப்புக்குக் கீழே இருக்கும் சமாசாரங்களைப் பற்றியவை. தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க முடியாது. அதனால் விசிலோடு நிறுத்திக்கொண்டார்கள். உலகமே அதைப் பிரிட்டிஷ் கம்பீரம் என்று நினைத்துப் புல்லரித்தது.

நிஜத்தில் சில மாதங்களிலேயே சீருடை மக்கி உதிர்ந்து, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இடுப்பில் ஒரு முழத் துணியோடு நின்றார்கள். கோவணம்தான், வேறு என்ன. நம் ஊரில் குதிரைமேல் வந்து சல்யூட் வாங்கிய வர்க்கம் சயாம், அதாவது தாய்லாந்துக் காட்டில் கோவணத்தோடு மண்கூடை சுமந்தது. அந்தக் காட்சியை மட்டும் எடுத்திருந்தால் சென்னையில் நூறு நாள் ஓடியிருக்கும். லீனுக்கு வியாபாரம் தெரியவில்லை.

கதைக்கு வருவோம். அலெக் கின்னஸ் நடித்த கர்னல் நிக்கல்சன், ஜெனிவா ஒப்பந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, அதிகாரிகள் கூலிவேலை செய்ய மாட்டார்கள் என்று சட்டம் பேசுகிறார். முகாம் தலைவர் கர்னல் சைட்டோ அதே புத்தகத்தால் அவர் கன்னத்தில் அறைகிறார். ஜப்பான் 1929ம் வருடத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அங்கீகரிக்கவே இல்லை. ஆக, அந்தப் புத்தகத்துக்கு முகாமில் இருந்த நடைமுறை உபயோகத்தைப் படம் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு நிக்கல்சனுக்குப் பித்துப் பிடிக்கிறது. ஜப்பான்காரனுக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை, நாம் கட்டிக் காட்டுவோம் என்று எதிரிக்கு உத்தரம் தூக்கிக் கொடுக்கிறார். படத்தின் ஆகப்பெரிய நகைச்சுவை இதுதான். எடுத்தவர்கள் அதைச் சோகம் என்று நினைத்து எடுத்தார்கள். ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகளுக்குத் தொழில் நன்றாகவே தெரியும். ஜாவாவிலிருந்து இரும்பு கர்டர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து மாட்டினார்கள். 415 கிலோமீட்டர் பாதையை, மலையும் காடும் மழையும் குறுக்கே நிற்க, 1943 அக்டோபரில் முடித்தார்கள். கடைசி மாதங்களில் காவலர்கள் கத்திய ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்ற ஒற்றை வார்த்தைதான் அங்கே மேலாண்மைப் பாடம். அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது பொறியியல் இல்லை. வேலை செய்கிறவனுக்குச் சோறும் மருந்தும் வேண்டும் என்ற சாதாரண விஷயம்.

தாமர்கானில் இருந்த உண்மையான கர்னலின் பெயர் பிலிப் டூசி. லிவர்பூலில் வங்கி வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரப் படையில் இருந்தவர். சிங்கப்பூர் விழுவதற்கு முன்னால் கப்பலேறித் தப்பிக்க உத்தரவு வந்தும், ஆட்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தங்கிவிட்டார். முறைத்துக்கொண்டு நிற்பது அவர் வழியில்லை. அடி விழுந்தால் வாங்கிக்கொள்வார், மறுநாள் போய் ஒரு நாள் ஓய்வு, கொஞ்சம் கூடுதல் அரிசி என்று பேரம் பேசுவார். கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்தையும் சமாளிக்கும் பெரியப்பா மாதிரி ஆள். பூன்பொங் என்ற உள்ளூர் வியாபாரி மூலம் காய்கறிக் கூடைக்குள் மருந்தும் பணமும் முகாமுக்குள் வந்தன. பாலத்தின் பெருமையில் அங்கே ஒருவரும் மயங்கவில்லை. கான்கிரீட்டை வேண்டுமென்றே கெடுத்துக் கலந்தார்கள். கரையான்களைப் பிடித்துவந்து மரத்தூண்களுக்குள் குடிவைத்தார்கள். கரையான் பிடிக்கும் கதாநாயகனுக்கு ஆஸ்கர் கிடைக்காது, வாஸ்தவம்தான்.

நிஜ முகாமிலும் ஒரு சைட்டோ இருந்தார். வெறும் சார்ஜன்ட் மேஜர். கர்னல் பதவி பின்னால் சினிமா கொடுத்தது. போர் முடிந்து விசாரணைக்கு இழுத்தபோது, மற்றவர்களைவிட நியாயமாக நடந்துகொண்ட ஆள் என்று டூசியே அவருக்காகப் பேசினார். டூசி இறந்தபின் சைட்டோ இங்கிலாந்து போய் அவர் கல்லறை முன் நின்றார். இதையெல்லாம் திரைக்கதையில் எழுதியிருந்தால் தயாரிப்பாளரே நம்பியிருக்க மாட்டார்.

திரைக்கதை என்றதும் ஞாபகம் வருகிறது. எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். இரண்டு பேரும் கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்தவர்கள். அதனால் திரையில் பெயரும் மேடையில் ஆஸ்கரும் பியர் பூலுக்குப் போயின. இங்கிலீஷில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. உண்மையாக எழுதியவர்களுக்கு அகாடமி விருது கொடுத்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

படத்துப் பாலம் எழுந்தது இலங்கையில், கித்துல்கலவில், களனி கங்கை மேல். வெடிவைத்துத் தகர்ப்பதைப் பார்க்கப் பிரதமர் பண்டாரநாயக்கவே வந்திருந்தார். ஒரு கேமராக்காரர் தாம் பத்திரமாக ஒதுங்கிவிட்டதற்கான விளக்கைப் போட மறந்ததால் லீன் வெடியை நிறுத்திவிட்டார். ரயில் பாலத்தைச் சுகமாகக் கடந்து அக்கரையில் போய் மோதிக்கொண்டது. தூக்கி நிறுத்தி மறுநாள் வெடித்தார்கள். படத்தில் வருவதுபோல் நிஜப் பாலத்தைக் கமாண்டோக்கள் யாரும் தகர்க்கவில்லை. விமானங்கள் பலமுறை வந்து குண்டு போட்டன. சில குண்டுகள் சொந்தக் கைதிகள் மேலேயே விழுந்தன. 1945ல் ஒருவழியாக இரும்புக் கர்டர்கள் ஆற்றில் சாய்ந்தன. போருக்குப் பிறகு பழுதுபார்த்து, இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது.

படம் வந்ததும் பழைய கைதிகள் கொதித்தார்கள். எதிரிக்குச் சந்தோஷமாகப் பாலம் கட்டிய கூட்டம் என்றல்லவா உலகம் நினைக்கும்? அவர்களுக்காக முன்னால் நின்றவர் ஜெனரல் பெர்சிவல். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூரை ஜப்பானியர் கையில் ஒப்படைத்த அதே பெர்சிவல். இந்தத் தடவை பின்வாங்காமல் போராடி, இது கற்பனைக் கதை என்று திரையில் போடவைத்தார்.

அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 1,80,000 பேர் அல்லது அதற்கும் மேல். அதில் பாதிப்பேர் திரும்பவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். இவர்களுக்கு டூசியும் கிடையாது, டாக்டரும் கிடையாது. காலரா வந்த குடிசைகளில் கணக்கெழுதவும் ஆளில்லை. போருக்கு முன் பூல் வேலை பார்த்தது மலாயாவின் ரப்பர் தோட்டத்தில்தான். பால் வெட்டும் தமிழர்களைத் தினமும் பார்த்த மனிதர். இரண்டே முக்கால் மணிநேரப் படத்தில் அவர்களில் ஒருவர் முகம்கூட இல்லை. அமெரிக்கக் கதாநாயகன் தப்பித்து வந்து நர்ஸோடு கடற்கரையில் கொஞ்ச மட்டும் இலங்கையின் மவுண்ட் லவினியாவில் இடம் கிடைத்தது.

இந்தத் தமிழர்களைப் பிடித்த வழிகளில் ஒன்று நினைவுக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. சம்பளம், மூன்று மாத வேலை என்ற ஆசை காட்டல் செல்லாமல் போனபோது, மலாயாவில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் வாருங்கள் என்று ஜப்பானியர் கூப்பிட்டார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, ஆண்களை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் சயாமுக்குப் புறப்படும் கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள்.